காய்ந்த ஏரிக்குள் ஜீப் ஓட்டலாமா? குழுவாக ஆஃப்-ரோடு கிளம்பும் முன் தெரிய வேண்டியவை

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் விழும். “மச்சான், ஞாயித்துக்கிழமை உத்திரமேரூர் பக்கம் போலாமா? ஏரி காஞ்சு கிடக்கு. செம ஆஃப்-ரோடு!” பத்து நிமிடத்தில் எட்டு பேர் கட்டைவிரல் தூக்கிவிடுவார்கள். யார் வண்டியில் யார், டிபன் எங்கே, ட்ரோன் கேமரா யார் கொண்டு வருவது எல்லாம் முடிவாகிவிடும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த இடம் யாருடையது?

தார், ஜிம்னி, ஹிமாலயன் என்று சேற்றிலும் மலையிலும் ஓடக்கூடிய வண்டிகள் இப்போது அலுவலகம் போகிறவர்கள் கையிலேயே இருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் ஓடுகின்றன. வண்டி வாங்கியவருக்கு அதை அதன் இடத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரம், கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளியாகத் தெரியும். ஆனால் அங்கே காலியாகத் தெரியும் எந்த நிலமும் காலி நிலம் இல்லை.

ஏரி யாருடைய பொறுப்பு?

தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத்துறையின் கையில் இருக்கின்றன. அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தண்ணீர் வற்றிய மாதங்களிலும் இந்தப் பொறுப்பு மாறுவதில்லை. மீன் குத்தகை, மாடு மேய்ச்சல், விவசாயிகள் வண்டல் எடுப்பது என்று ஏரிக்குள் ஏற்கெனவே பலருடைய உரிமைகளும் இருக்கும்.

இது உத்திரமேரூருக்குப் புதிய விஷயமும் இல்லை. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததைச் சொல்பவை. அந்த வாரியங்களில் ஒன்று ‘ஏரி வாரியம்’. அதற்கு ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாகக் குழு வைத்திருந்த ஊர் அது, அதுவும் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு.

“காஞ்ச மண்ணுல ரெண்டு ரவுண்டு ஓட்டினா என்ன ஆகிடப் போகுது?” என்று தோன்றலாம். ஏரி என்பது நடுவில் இருக்கும் பள்ளம் மட்டும் இல்லை. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய், தாங்கி நிற்கும் கரை, வயலுக்குத் திறக்கும் மதகு, மிச்சத்தை வெளியேற்றும் கலங்கல் எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. கரைச் சரிவில் ஜீப் ஏறி இறங்கினால் சக்கரத் தடம் சின்ன வாய்க்காலாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தடத்தின் வழியாகத்தான் மண் முதலில் அரிக்கும். வரத்துக்கால்வாயின் ஓரத்தை உடைத்தால் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் வேறு பக்கம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டின் கணக்கு நவரைப் பட்டத்தில், தண்ணீர் போதாத வயலில் தெரியும்.

சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பாசனத்துக்கான தண்ணீர் குறையும் என்று தெரிந்தே சேதம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவில் வருகிறது. ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

ஓட்டுபவருக்கும் ஆபத்து இருக்கிறது. மேலே வெடித்துக் காய்ந்திருக்கும் களிமண்ணுக்கு அடியில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். மேல் ஓடு உடைந்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். வண்டல் எடுத்த குழிகள் பக்கவாட்டில் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். பத்தடி முன்னால் வரும் வரை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது.

ஆற்றுப் படுகை பரவாயில்லையா?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் இந்தப் பக்கம்தான். வருடத்தில் பல மாதம் மணல்வெளியாகக் கிடக்கும். ஆனால் ஆற்றுப் படுகையும் அரசு நிலம்தான். கூடவே குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும் மணலுக்குள் இருக்கும். மணல் அள்ளிய பழைய பள்ளங்கள் வெள்ளத்துக்குப் பிறகு லேசான மணலால் மூடிக் கிடக்கும். மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து சேரும்.

வேலி இல்லாத சரணாலயம்

உத்திரமேரூரிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் வேடந்தாங்கல். பலர் நினைப்பது போல அந்த ஏரி மட்டும் சரணாலயம் இல்லை. 1998-ஆம் ஆண்டு அரசாணைப்படி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. சுற்றளவும் சரணாலயத்தில் சேரும். அதற்குள் ஊர்கள், வயல்கள், சின்ன ஏரிகள் எல்லாம் உண்டு. பறவைகள் தங்குவது பெரிய ஏரியில் என்றாலும் இரை தேடுவது இந்தச் சுற்று வட்டார நீர்நிலைகளில்தான். பக்கத்திலேயே கரிக்கிலி. இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

ஊர்ச் சாலையில் போவதில் பிரச்சினை இல்லை. சாலையை விட்டு வண்டியை இறக்கும்போதுதான் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். நவம்பர் முதல் மார்ச் வரை, வெயில் குறைவாக இருப்பதால் ஆஃப்-ரோடு குழுக்களுக்குப் பிடித்த மாதங்கள். பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதும் அதே மாதங்களில்தான். மேப்பில் பச்சையாகத் தெரியவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியென்றால் ‘ட்ரெயில் பார்க்’ எது?

பெரிய மைதானம் இருந்தால் அது பார்க் ஆகிவிடாது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் ட்ரெயில்ஸ் இதற்கு நல்ல உதாரணம். நிலக்கரிச் சுரங்கப் பகுதி அது. நிலத்தில் பெரும்பகுதி தனியார் கம்பெனிகளுக்குச் சொந்தம். “யாராவது வண்டியோட விழுந்து எங்க மேல கேஸ் போட்டா?” என்பதுதான் அவர்களுடைய பயம். 1996-இல் மாநில அரசு சட்டம் போட்டு ஒரு ஆணையத்தை அமைத்து, நில உரிமையாளர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2000-இல் பாதைகள் திறந்தன. இன்று 1,600 கி.மீ.க்கு மேல் இருக்கின்றன. அனுமதிச் சீட்டு கட்டாயம், ஹெல்மெட் கட்டாயம். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம் என்று பாதைகளுக்கு நிறம் குறித்திருக்கிறார்கள்.

ஆக, நில உரிமையாளரின் சம்மதம், குறித்த பாதை, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற தெளிவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பார்க்.

பைக் குழுவாக இருந்தால் பக்கத்து மாநிலத்தில் கோலார் மாவட்டத்தில் இருக்கும் பிக்ராக் டர்ட்பார்க் எட்டும் தூரம்தான். 2015-இல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் தொடங்கியது. காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, சித்தூர் வழியாகப் போகலாம். உத்திரமேரூர் பக்கம் அரசே பாதை குறித்து, வண்டிகளுக்குத் திறந்துவிட்ட பெரிய பார்க் எதுவும் இல்லை.

நடப்பவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் பெரிய விலை கொடுத்த பிறகு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழு காட்டுத் தீயில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், வார இறுதிக்குக் கிளம்பியவர்கள். அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழிகள் ஆன்லைன் முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறக்கப்பட்டன. சக்கரத்தில் போகிறவர்களுக்கு இப்படி ஒன்று இன்னும் வரவில்லை. வரும் வரை கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை குழுவுடையது.

குழுவாகத் திட்டமிடுவது எப்படி?

முதல் போன் கால் பார்க்குக்குத்தான் போக வேண்டும். அன்று திறந்திருக்கிறதா, எந்த வண்டிக்கு அனுமதி, புதியவர்களுக்குப் பயிற்சியாளர் உண்டா, சிக்கிய வண்டியை இழுக்க ஏற்பாடு இருக்கிறதா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் ஆகிய ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பாதையைக் குழுவில் மிகவும் அனுபவம் குறைந்தவரை வைத்து முடிவு செய்ய வேண்டும். வழக்கமாக நடப்பது தலைகீழ். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இழுத்த இழுப்புக்கு மற்றவர்கள் போவார்கள்.

ஒற்றை வண்டியில் போவது வேண்டாம். குறைந்தது இரண்டு வண்டி. முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் அனுபவசாலி. நடுவில் இருப்பவர் பின்னால் வரும் வண்டி கண்ணில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெரியவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

சந்தேகமான இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். நடக்க முடியாத சேற்றில் வண்டியும் போகாது. மணலில் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பது வழக்கம். திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் காற்றை ஏற்றியாக வேண்டும். அதனால் சின்ன கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் கையில் வேண்டும்.

இழுக்கும் கயிறுதான் அதிகம் காயப்படுத்தும் பொருள். பம்பரிலோ ட்ரெய்லர் மாட்டும் குண்டிலோ கட்டவே கூடாது. அது பிய்ந்தால் குண்டு மாதிரிப் பறக்கும். கம்பெனி கொடுத்த ரெக்கவரி கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். இழுக்கும்போது ஓட்டுநர்கள் தவிர மற்றவர்கள் கயிற்றின் நீளத்தை விடத் தள்ளி நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவருக்கும் இது பொருந்தும்.

ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, மண்வெட்டி, டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரிடம், “சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போன் வரலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சிக்னல் எங்கே போகும் என்று முன்பே பார்த்து வைத்தால், 108-ஐக் கூப்பிட எங்கே ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

சாதாரண கார் பாலிசியில் ‘ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை’ போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்ற வரி இருக்கும். நண்பர்களுக்குள் டைம் வைத்து ஓட்டுவதும் தகராறில் முடியலாம். தண்ணீருக்குள் இறக்கி இன்ஜின் உள்ளே தண்ணீர் போனால், இன்ஜினுக்கான தனிச் சேர்ப்பு எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் கையிலிருந்துதான் செலவு. ‘குறிப்பிட்ட பார்க்கில் ஓட்டினால் பாலிசி செல்லுமா’ என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கில் கையெழுத்து கேட்கும் தாளையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

உத்திரமேரூரிலேயே ஓட்ட ஆசை என்றால்?

வழி இருக்கிறது. அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்குக் காத்திருக்கும் பட்டா நிலம் வைத்திருப்பவரிடம் கேட்கலாம். “அண்ணே, பத்து வண்டி, காலைல ஏழுலேர்ந்து பத்து வரைக்கும். வரப்பு உடைஞ்சா நாங்களே கட்டித் தர்றோம்” என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். சம்மதத்தையும் பணத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டாவில் யார் பெயர் என்பதைத் தமிழ்நிலம் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். புல எண்ணுக்கு எதிரே ‘ஏரி’, ‘ஓடை’, ‘மேய்க்கால்’ என்று வந்தால் அந்த இடம் வேண்டாம். ஊராட்சித் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், வெளியூர் வண்டிகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் பதறவும் மாட்டார்கள்.

ஓட்டி முடித்ததும் வரப்பைக் கட்டி, குப்பையை எடுத்துக்கொண்டு, நிலத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி சரி சொல்வாரா என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.