அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற ஜனங்கள், தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒன்றுகூடி, 'எங்கள் தெருவுக்கு ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடியும் ஒரு மனுவை நாற்பது கையெழுத்துகளோடு தூக்கிக்கொண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போகிறார்கள். அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்து பல வருஷங்கள் ஆகின்றன. பங்குனிக்குப் பங்குனி இந்த ஒரே பிழை சற்றும் மாறாமல் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுவிலுள்ள குறை நியாயமானதுதான். ஆனால் ஏப்ரல் முதல் தேதி தொடங்கும் புது வருஷத்து மூலதனப் பணிகளின் பட்டியல் அதற்குள் தயாராகி, பட்ஜெட்டும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மன்றத்தில் வைக்கப்பட்டு, கைதட்டலோடு நிறைவேறியும் விடுகிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கை கழுவிக்கொண்டு வருபவருக்கு யார் பரிமாறுவார்கள்?

மனு எழுத உட்காருமுன் ஒரு பேதத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாநகராட்சியின் செலவு இரண்டு கணக்குகளில் போகிறது. சம்பளம், குப்பை அள்ளுதல், எரியாத விளக்கை மாற்றுதல், பள்ளத்தில் ஜல்லியும் தாரும் கொட்டி மூடுதல் ஆகியவை வருவாய்க் கணக்கு. புதிதாக மழைநீர் வடிகால் கட்டுவதும், சாலையை முழுவதும் மறுபடி போடுவதும், பூங்கா அமைப்பதும் மூலதனக் கணக்கு. 'எங்கள் தெருவில் பள்ளம் இருக்கிறது' என்று எழுதினால் உங்கள் மனு வருவாய்க் கணக்கில் விழுந்து, ஒரு நாள் ஒரு வண்டி வந்து, பள்ளத்தில் இரண்டு கூடை கொட்டி, 'குறை தீர்க்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு போய்விடும். அதில் பொய் ஒன்றுமில்லை; நீங்கள் கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். வடிகால் வேண்டுமென்றால் வடிகால் என்று எழுத வேண்டும்: வார்டு எண், தெருவின் பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எத்தனை மீட்டர் நீளம், தெருவின் அகலம் என்ன, தண்ணீர் எந்தத் திசையில் ஓடி எந்தப் பெரிய வடிகாலில் சேர வேண்டும், மழையில் எத்தனை நாள் தேங்கி நின்றது, அன்று எடுத்த புகைப்படங்கள். இத்தனையும் இருந்தால் உதவிப் பொறியாளர் அந்த மனுவை வைத்துக்கொண்டே எஸ்டிமேட் போட ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால், 'இடத்தைப் பார்வையிட வேண்டும்' என்று எழுதிக் கட்டி வைத்துவிடுவார், அந்தப் பார்வை எந்த யுகத்தில் வாய்க்குமோ தெரியாது.

இந்த மனு போய்ச் சேர வேண்டிய காலம், அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள். தண்ணீர் தெருவில் நிற்கும்போதே, நனைந்த கையோடு எழுதினால்கூடக் குற்றமில்லை. கவுன்சிலருக்கு ஒன்று, மண்டல செயற்பொறியாளருக்கு ஒன்று, ஆணையருக்கு ஒன்று என மூன்று பிரதிகள் போக வேண்டும். நான்காவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். முத்திரை இல்லாமல் கொடுத்த மனு, கொடுக்காத மனு. 'அங்கே நம் ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர் மறுவருஷம் என் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன்.

கவுன்சிலர் தலைமையில் கூட வேண்டிய பகுதி சபா என்றொரு சபை உண்டென்பதைக்கூட நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. தமிழ்நாட்டில் 2022-ஆம் வருஷம் விதிகள் வகுக்கப்பட்டு, வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் ஏற்பட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடி, எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை அந்தப் பகுதியின் வாக்காளர்களுக்கு உண்டு. கூட்டம் எப்போது என்று அலுவலகத்தைக் கேட்டால், நேற்றுத்தான் முடிந்தது என்பார்கள். நேற்று யாருக்குச் சொன்னீர்கள் என்று எழுத்துமூலம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் பேசிவிட்டு வருவதோடு நிறுத்தாமல், உங்கள் தெருவின் வேலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

'பணமில்லை' என்ற பதில் வரும். அது சில சமயம் உண்மை. பல சமயம் பாதி உண்மை. மத்திய நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டுப்பட்டு வருவதால், அதை எடுத்துச் சாலைக்குப் போட முடியாது. ஆகையால் 'எந்தத் திட்டத்தில், எந்தத் தலைப்பில் பணமில்லை?' என்று கேட்பதே சரியான கேள்வி. பட்ஜெட் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடந்த வருஷத்து உண்மைச் செலவு, நடப்பு வருஷத்துத் திருத்திய மதிப்பீடு, வரும் வருஷத்து மதிப்பீடு என்ற பத்திகளைப் பாருங்கள். ஒதுக்கீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் நடுவே கிடக்கும் பள்ளம், பல ஊர்களில் தெருப் பள்ளத்தைவிட ஆழம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தெருவாரே கொடுத்து மற்றதை அரசிடமிருந்து பெறும் வழியும் இருக்கிறது. வசதியுள்ள குடியிருப்புகளுக்கு அது நல்ல வழி. ஆனால் அந்தப் பங்கை மாநகராட்சியின் கணக்கில் செலுத்தி, ரசீது வாங்க வேண்டும். காண்ட்ராக்டரின் ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 'உங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் நன்றாகப் போட்டுத் தருகிறோம்' என்று ஐந்நூறும் ஆயிரமும் கேட்பவனிடமும் கொடுக்காதீர்கள்.

வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஜனங்கள் அடியோடு அசந்துவிடுகிறார்கள். பழைய சாலையின் மேலேயே புதிய சாலை, அதன் மேலே இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனதில், எங்கள் தெருக் கோடியில் ஒரு பாட்டியின் வீட்டுக்கு, என் சிறு வயதில் மூன்று படி ஏறிப் போன நிலை மாறி, இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். மழை வந்தால் வாசலில் சிமென்ட் மூட்டையில் மணல் கட்டிப் போட்டுக்கொண்டு அவர் விளக்கோடு உட்கார்ந்திருப்பார். மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். 'மில்லிங்' என்று சொல்வது இதைத்தான். ஆகவே எஸ்டிமேட்டில் மில்லிங் ஓர் இனமாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வேலை தொடங்குமுன் உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்பு பாக்கியிருந்தால் சாலை போடுமுன்பே விண்ணப்பித்து முடித்துவிடுங்கள். புதுச் சாலையை மறுமாதமே வெட்டுகிற தெருவார் காண்ட்ராக்டரைத் திட்டுவதற்கு யோக்கியதை இழந்துவிடுகிறார்கள். மேற்பார்வை எந்த லட்சணத்தில் நடக்கும் என்பதற்கு 2022-ஆம் வருஷத்து வேலூர் சம்பவம் ஒன்றே போதும்: தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தக்கூடச் சோம்பி, அதன் சக்கரங்களையும் சேர்த்துக் கான்கிரீட் போட்டுவிட்டுப் போனார்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். இதை யாரும் செய்வதில்லை என்பதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒவ்வொரு மூலதனப் பணிக்கும் எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை என்று காகிதங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் உண்டு. அலுவலகத்தில் அதை எம்-புக் என்பார்கள். நீளம், அகலம், ஆழம் என்று அதில் எழுதிய எண்களைப் பெருக்கித்தான் காண்ட்ராக்டருக்குப் பணம் போகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005, நகல் வாங்கும் உரிமையை மட்டும் தரவில்லை. வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அதன் இரண்டாம் பிரிவே உரிமை தருகிறது.

பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை வாங்கி வெள்ளைத் தாளில் ஒட்டி, மண்டலப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் போடவில்லை, எப்போது போடுவீர்கள்' என்று எழுதினால், 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். 'இன்ன தெருவில் இன்ன வருஷம் நடந்த வடிகால் பணியின் எஸ்டிமேட், ஒப்பந்தம், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் ஆகியவற்றின் நகல் வேண்டும். அவற்றையும் பணியிடத்தையும் நேரில் பார்வையிட விரும்புகிறேன்' என்று எழுதுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் முத்திரை. மறுபடியும் சொல்கிறேன், முத்திரை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இப்படியே எழுதி, ஒரு முற்பகல் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். "டீச்சர், இது வெளியாள் பார்க்கிற புத்தகமில்லை" என்றார் அங்கிருந்த உதவியாளர். "நான் வெளியாளா? வரி கட்டுகிற ஆள் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துப் புத்தகம் வந்தது. வடிகாலின் ஆழம் 0.90 மீட்டர் என்று அதில் எழுதியிருந்தது. கைப்பையில் மடித்து வைத்திருந்த தம் குறிப்பை அவர் எடுத்து மேஜை மேல் வைத்தார். மூன்று வீட்டு வாசலில் மூடியைத் தூக்கி அளந்ததில் எங்கும் 0.65-க்கு மேல் இல்லை. உதவியாளர் எழுந்து போய் உதவிப் பொறியாளரை அழைத்து வந்தார். மறுநாள் அளவுகோலோடு ஆட்கள் வந்தார்கள். இறுதிப் பில் இரண்டு மாதம் நின்றது. பணம் போன பிறகு கேட்டிருந்தால் அந்த இரண்டு மாதமும் கிடைத்திராது.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் பலனில்லையேல் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றி மறைத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த நாள் கணக்கைத் தவறவிட்டு வருகிறவர்களே மிகுதி. விண்ணப்பம் அனுப்பிய அன்றே காலண்டரில் பதில் வர வேண்டிய தேதி, முதல் மேல்முறையீட்டின் கடைசித் தேதி இரண்டையும் வட்டமிடுங்கள்.

கட்டிய வேலை பழுதானால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பொறுப்புக் காலத்துக்குள் காண்ட்ராக்டர் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். அந்தக் காலம் எத்தனை மாதம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அது முடியும்வரை வாய்ச்சொல்லாகவே சண்டையிட்டுவிட்டு, முடிந்த மறுவாரம் மனுவோடு வந்தவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்க ஒன்றுமிருப்பதில்லை. சென்னையில் 1913, மாநிலமெங்கும் 1100 என்ற எண்களில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நில்லாமல் செயற்பொறியாளருக்கு எழுத்திலும் கொடுங்கள். அளவில் மோசடி என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், உள்ளாட்சி அமைப்புகளின் மேல் வரும் புகார்களை விசாரிக்க 2014-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட முறைமன்ற நடுவத்துக்கும், ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கும் எழுதலாம். எழுதும்போது 'ஊழல், ஊழல்' என்று நாலு பக்கம் கொட்டாமல், புத்தகத்தில் இருப்பது இவ்வளவு, தெருவில் இருப்பது இவ்வளவு என்று இரண்டு வரியில் வைத்து, நகலையும் படத்தையும் இணைத்து, கையில் ஒரு பிரதியை, முத்திரையோடு, வைத்துக்கொள்ளுங்கள்.