அந்தியோக்கியா நிகழ்வு

அந்தியோக்கியா நிகழ்வு என்பது, தொடக்ககாலக் கிறித்தவத்தின் முதன்மைத் தலைவர்களான பேதுருவும் பவுலும் உணவுப் பந்தி குறித்து வெளிப்படையாக முரண்பட்ட நிகழ்வைக் குறிக்கும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய துருக்கியில் உள்ள அந்தாக்கியா நகரில் இது நடந்தது. இதைப் பற்றிய நேரடிச் சான்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் (2:11-14) உள்ளது. மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது சமய விதிகளைக் கடைப்பிடிப்பதாலா, கடவுளின் அருளாலா என்ற கேள்வியைப் பவுல் இந்நிகழ்விலிருந்தே விளக்கத் தொடங்குகிறார்.

பின்னணி

யூதர்களின் திருச்சட்டம் எவற்றை உண்ணலாம், எவற்றை உண்ணக்கூடாது என வரையறுத்தது (லேவியர் 11). விருத்தசேதனம் உடன்படிக்கையின் அடையாளமாக இருந்தது. அந்தியோக்கியா சபையில் யூதக் கிறித்தவர்களும் பிற இனத்துக் கிறித்தவர்களும் இருந்தனர். இயேசுவின் சீடர்கள் முதன்முதலாகக் கிறித்தவர்கள் என்று அழைக்கப்பட்டதும் இந்நகரில்தான் (திருத்தூதர் பணிகள் 11:26). இங்கு இரு பிரிவினரும் ஒரே பந்தியில் உண்டனர். அக்காலத்தில் ஆண்டவரின் திருவிருந்து பொது உணவோடு இணைந்திருந்ததை 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் காட்டுகிறது. ஆகவே பந்தியைப் பிரிப்பது சபையையே பிரிப்பதற்கு ஒப்பாகும்.

நிகழ்வு

பேதுரு முதலில் பிற இனத்தாருடன் தயக்கமின்றி உண்டு வந்தார். எருசலேமில் தலைவராக இருந்த யாக்கோபிடமிருந்து சிலர் வந்தபின், விருத்தசேதனத்தை வலியுறுத்தியோருக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூதக் கிறித்தவர்களும், பவுலின் உடன்பணியாளரான பர்னபாவும்கூட, அவரைப் பின்பற்றினர். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார்.

பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்று பேதுரு கட்டளையிடவில்லை. ஆனால், யூத முறைமைக்கு மாறினால்தான் சமமாக உட்கார முடியும் என்ற நிலையை அவருடைய விலகல் உருவாக்கியது. பவுல் இதையே கட்டாயப்படுத்துதல் என்கிறார். பேதுரு என்ன மறுமொழி கூறினார் என்பதைத் திருமுகம் குறிப்பிடவில்லை.

பவுலின் வாதம்

சட்டத்தின் செயல்களால் அல்ல, கிறிஸ்துமீது கொள்ளும் நம்பிக்கையாலேயே ஒருவர் கடவுளுக்கு ஏற்புடையவராகிறார் என்று பவுல் தொடர்ந்து வாதிடுகிறார். சட்டத்தால் அது கிட்டுமானால் கிறிஸ்துவின் சாவு வீணானதாகிவிடும் என்பது அவர் முடிவு (2:21). அருள் எல்லாருக்கும் கொடையாகக் கிடைப்பதால், அதைப் பெற்றவர்களுக்குள் மேல், கீழ் என்ற வேறுபாடு இல்லை.

அன்பு அளவுகோலாதல்

பவுல் விதிகளையே வெறுத்தவர் அல்லர். தீத்து விருத்தசேதனம் செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்படவில்லை என்று எழுதிய அவரே (கலாத்தியர் 2:3), யூதத் தாய்க்குப் பிறந்த திமொத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் (திருத்தூதர் பணிகள் 16:3). அன்பின் வழியாகச் செயல்படும் நம்பிக்கையே பயன் தரும் என்றும், திருச்சட்டம் முழுவதும் பிறரன்புக் கட்டளையில் அடங்கும் என்றும் அவர் எழுதினார் (கலாத்தியர் 5:6, 14).

கொரிந்து நகரில் சிக்கல் வேறு வகையாக எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்பதில் தவறில்லை என்று சிலர் உரிமை கொண்டாடியபோது, தம் உணவு சகோதரர் ஒருவரை விழச்செய்யுமானால் ஒருபோதும் இறைச்சி உண்ணமாட்டேன் என்றார் பவுல் (1 கொரிந்தியர் 8:13). அந்தியோக்கியாவில் அன்பு விதியைத் தளர்த்தச் சொன்னது. கொரிந்தில் அதே அன்பு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னது.

பிற்கால விளக்கங்கள்

இம்மோதல் முன்கூட்டியே பேசி நடத்தப்பட்டது என ஜெரோம் கருதினார். பேதுரு உண்மையாகவே தவறினார் என அகுஸ்தீன் கடிதங்கள் வழியே அவரை மறுத்தார். மார்ட்டின் லூதர் 1535இல் வெளியான கலாத்தியர் விளக்கவுரையில் அருளின் முதன்மையை வலியுறுத்தினார். அக்கால யூத சமயமும் கடவுளின் அருளையே அடிப்படையாகக் கொண்டது, சட்டம் அதற்கான மறுமொழியே என்று இ. பி. சாண்டர்ஸ் 1977இல் எடுத்துரைத்தார். எனவே இதனை யூத சமயத்தின்மீதான கண்டனமாகக் கொள்ளாமல், ஒரே சபைக்குள் யார் யாரோடு அமரலாம் என்ற சிக்கலாகக் காணும் பார்வை வலுப்பெற்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, மனிதர் அருளினாலேயே ஏற்புடையவராகின்றனர் என்றும், நற்செயல்கள் அதன் கனிகள் என்றும் அறிவித்தது.