ஆந்தைப் பொம்மையும் பார்வைப் புறாவும்

அயப்பாக்கத்தில் என் தங்கை வீட்டுப் பால்கனியில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் ஆந்தை. மஞ்சள் கண், தலையில் இரண்டு கொம்பு, காற்றடித்தால் லேசாகத் திரும்பும் கழுத்து. புறாத் தொல்லைக்கு மருந்து என்று ஆன்லைனில் வாங்கியது. முதல் மூன்று நாள் ஒரு புறாவும் வரவில்லை. நான்காம் நாள் ஒன்று எதிர் பிளாக்கின் ஏ.சி. பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டம் பார்த்தது. இரண்டாம் வாரம் அது ஆந்தையின் தலையிலேயே ஏறி நின்று எச்சம் போட்டது. "அண்ணா, இதுக்குக் குடுத்த காசுக்கு நாலு கிலோ தக்காளி வாங்கியிருக்கலாம்" என்றாள் தங்கை.

புறாவைத் துரத்த வைத்த பொம்மை இப்படித் தோற்றது. ஆனால் புறாவை வரவழைக்க வைக்கும் பொம்மை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. இங்கிலாந்தின் வயல்களில் அதை நட்டுவைத்து, மறைவிடத்துக்குள் துப்பாக்கியோடு காத்திருப்பவர்களுக்கென்றே ஒரு தொழில் சந்தை இருக்கிறது. ஒரு பொம்மையை இரண்டு வாரத்தில் கண்டுபிடித்துவிடும் பறவை இன்னொரு பொம்மையிடம் ஏன் ஏமாறுகிறது?

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. விரட்ட வைப்பது வெருளி. சோளக்கொல்லைப் பொம்மை அந்த வகை. இழுக்க வைப்பது பார்வை. வேடர்கள் பழக்கி, தன் இனத்தைக் கவர்வதற்காகக் கட்டிவைக்கும் விலங்குக்கோ பறவைக்கோ சங்கப் பாடல்களில் அதுதான் பெயர். பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனை நோக்கிப் பாணனை வழிப்படுத்தும் பாட்டு. அதில் எயினர் வீட்டு முற்றத்தில் விளாமரம் நிற்கிறது. பார்வை மான் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்திருக்கிறது. பூந்தமல்லி வழியாகக் காஞ்சிபுரம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தத் தொண்டை நாட்டில்தான் போகிறார்கள். விளாமரம் மட்டும் அருகிவிட்டது.

புறநானூற்றின் 320ஆம் பாட்டு இன்னும் அருமை. வீரை வெளியனார் பாடியது. வேட்டுவன் முற்றத்துக் கொடி நிழலில் தூங்குகிறான். அவன் பழக்கிய பார்வைப் பிணையோடு எங்கிருந்தோ வந்த ஒரு கலைமான் கூடி விளையாடுகிறது. மனைவி பார்க்கிறாள், புருஷன் விழித்துக்கொள்வான், கலை பிணையை விட்டு ஓடிவிடும் என்று சத்தமே காட்டாமல் நிற்கிறாள். பொறியில் இரை வந்து விழுந்த நேரத்தில் பொறி வைத்தவன் வீட்டுக்காரியே இரையின் பக்கம்! நற்றிணை 212இல் வேறு காட்சி. பார்வை வேட்டுவனின் வலைக்கு அஞ்சிய கணந்துள் பறவை கத்துகிறது. அது ஏற்கெனவே பாடம் படித்த பறவை. தங்கை வீட்டுப் புறாவும் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

இந்தக் கலையை அண்மைக் காலம் வரை கைவிடாமல் வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்பது அவர்களுடைய இன்னொரு பெயர். ஆவடியில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது, 2022 ஏப்ரலில் முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் அங்கே போய்வந்ததைப் பலரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் குருவிக்காரருக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். நரியின் ஊளையை மனிதனே எழுப்பி, அதைக் கேட்டு வரும் நரிகளைப் பிடிக்கும் வித்தை அதில் பதிவாகியிருக்கிறது. பொம்மையே இல்லாமல் குரலால் செய்த பார்வை. கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி. கொக்குக்கு நாட்டுத் துப்பாக்கி. அதில் போடும் ஈயக் குண்டுக்கு ரவை என்று பெயர். உப்புமா ரவையும் அதுவும் ஒரே சொல்தான்; ஒருமுறை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் காரணம் புரியும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் வாங்கி வேட்டையாடும் வழியை அடைத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்தத் தொழிலை மூடின. பறவைகளுக்கு நல்லது. குருவிக்காரருக்கு மாற்று வழி வருவதற்கு மட்டும் வெகுகாலம் ஆயிற்று. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்ந்தது 2023 ஜனவரியில். ஆகவே மறைவிடம், பொம்மை, ரவை எல்லாம் சேர்ந்த புறா வேட்டையை இன்று பார்க்க வேண்டுமானால் ஆவடியில் முடியாது, இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும்.

அங்கே வேட்டைக்குரியது நம் மாடப்புறா அல்ல, மரப்புறா. உருவில் பெரியது, கழுத்தில் வெள்ளைத் திட்டு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. கடுகு இனப் பயிரையும் தானியத்தையும் கூட்டமாக இறங்கி மேயும். விவசாயிக்குப் பகை என்பதால் சுட அனுமதி உண்டு. ஆர்ச்சி கோட்ஸ் என்ற ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் இதையே பிழைப்பாகக் கொண்டு வாழ்ந்தார். ஒரே நாளில் 550 புறாவைச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய பாடத்தில் துப்பாக்கிக்கு இரண்டாம் இடம்தான். முதலில் வேவு: புறா எந்த வழியாக வருகிறது, எந்த மூலையில் இறங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துவிட்டு அப்புறம்தான் கூடாரம்.

கூடாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கைந்து கம்பு, இலை நிறம் பூசிய வலை, உட்கார ஒரு வாளி. ஆனால் அதை வயல் நடுவே நிறுத்தினால் புறா அண்டாது. வேலியையோ புதரையோ முதுகுக்கு வைத்துக் கட்டவேண்டும். ஆளின் உருவம் வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியக்கூடாது. முகத்தையும் கையையும் மூடிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்க்கும் வெளுத்த முகம் மேலே பறக்கும் பறவைக்கு எச்சரிக்கைப் பலகை மாதிரி.

பொம்மைகளை இருபது மீட்டர் தள்ளி, குதிரை லாட வடிவத்திலோ கொத்துக் கொத்தாகவோ நடுவார்கள். நடுவில் வெற்றிடம் விடுவது முக்கியம். வருகிற புறா இறங்குவதற்கு இடம் வேண்டுமே. பொம்மைகளின் மூக்கு பெரும்பாலும் காற்று வரும் திசைக்கு நேராக இருக்கவேண்டும். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றுக்கு முதுகு காட்டி மேய்ந்தால் இறகு கலைந்துபோகும். கொஞ்சம் பொம்மைகளைச் சற்றே சாய்த்து வைப்பார்கள், எல்லாம் போலீஸ் அணிவகுப்பு மாதிரி ஒரே திசையில் நின்றாலும் சந்தேகம் வரும். இதோடு ஓர் இயந்திரமும் உண்டு: பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் சுழலும் இரண்டு நீண்ட கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இறக்கை விரித்த ஒரு புறா. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு புறா வட்டமிட்டு இறங்குவது போலவே இருக்கும். கடைக்காரர்கள் இதைக் காந்தம் என்று அழைக்கிறார்கள்.

இதில் எங்கேயும் பொம்மை அச்சு அசலாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கால் இல்லாத பிளாஸ்டிக் ஓடுகூடப் போதும். கூடாத ஒன்று பளபளப்பு. மழை பெய்து நனைந்த பொம்மை மினுங்கினால் புறா பாதி வழியில் திரும்பிவிடும். அதனால்தான் பொம்மைக்கு மேல் வெல்வெட் போன்ற பூச்சு கொடுக்கிறார்கள்.

காரணம் புறாவின் கண்ணில் இருக்கிறது. தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறத்தாழ 340 பாகை வட்டத்தை அது ஒரே நேரத்தில் பார்க்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் கீற்றுதான் இருட்டு. நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். நமக்கு ஒரே சாம்பலாகத் தெரியும் இறகும் சாயமும் அதற்கு வேறு வேறாகத் தெரியலாம். நொடிக்கு நூறு முறை மினுங்கும் விளக்கை நாம் நிலையாக எரிகிறது என்போம். புறா மினுங்கல் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அதன் பார்வை வேகமானது. பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நம் வீட்டுப் புறாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

மூளையும் மந்தமில்லை. 1995இல் ஜப்பானில் ஷிகேரு வாதனாபேயும் அவர் குழுவும் மோனேயின் ஓவியத்தையும் பிக்காசோவின் ஓவியத்தையும் பிரித்தறியப் புறாக்களைப் பழக்கினார்கள். முன்பு பார்த்திராத ஓவியத்தையும் அவை சரியாக வகைப்படுத்தின. இவ்வளவு கூர்மையான பிராணி, காலில்லாத பிளாஸ்டிக்கைப் பார்த்து ஏமாறுகிறது என்றால், அது பொம்மையைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறது என்றுதான் அர்த்தம்.

அது பார்ப்பது கூட்டத்தை. வயலில் தானியம் எங்கே கிடக்கிறது என்று மேலிருந்து தேடுவதைவிட, தலை குனிந்து மேயும் நாலு பேர் பக்கத்தில் இறங்குவது சுலபம். கூட்டம் நிற்கும் பிரியாணிக் கடையை நாம் தேர்ந்தெடுப்பது போல. 1974இல் ஜான் கிரெப்ஸ் நாரைகளை வைத்து இதைச் சோதித்தார். கரையோரம் நாரை உருவங்களை நிறுத்தினார். உருவங்கள் கூட்டமாக நின்ற இடத்தில் உண்மை நாரைகள் அதிகம் இறங்கின.

கூட்டம் எப்படி நிற்கிறது என்பதும் செய்திதான். 1984இல் இங்லிஸ், ஐசக்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மரப்புறா பொம்மைகளைப் பலவித நிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது கவரும் பொம்மையை அல்ல, புறாவை வயலை விட்டு விரட்டும் பொம்மையை. இறக்கையை விரித்து வெள்ளைப் பட்டை தெரிய வைத்தபோது வந்த புறாக்கள் விலகின. அந்தப் பட்டை பறந்தோடும்போது பளிச்சிடுவது. பார்த்தவர்களுக்கு ஆபத்து என்று அர்த்தம். அதே வெள்ளைப் பட்டை சுழலும் கம்பியில் இறங்குவது போல அசைந்தால் அழைப்பு. ஒரே பறவை, ஒரே பொம்மை. நிலை மாறினால் பார்வை வெருளியாகிவிடுகிறது.

ஆந்தையின் தோல்விக்கும் விடை இங்கேதான். உண்மையான கொல்லி ஒரே இடத்தில் இரண்டு வாரம் அசையாமல் உட்காராது. சென்னைப் புறாவுக்குப் பகலில் பயம் வல்லூறும் பைரியும். ஆந்தை அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கும். பயமுறுத்தியபின் ஒன்றும் நடக்காவிட்டால், பயப்படுவதை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். மறைவிடத்துப் பொம்மைக்கு இந்தச் சிக்கல் இல்லை. பொய் என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அருகில் வந்த புறா, பெரும்பாலும் மற்றவர்களுக்குச் சொல்லத் திரும்பிப் போவதில்லை.

உயிருள்ள பார்வையின் கதை இதைவிடக் கொடியது. வட அமெரிக்காவில் பயணப் புறாக்கள் வானத்தை மறைத்துப் பறந்த காலத்தில், ஒரு புறாவின் கண்ணிமையை நூலால் தைத்து, ஏறி இறங்கும் சிறு பலகையில் கட்டிவைப்பார்கள். பலகையைத் தாழ்த்தினால் அது இறக்கையடித்துக்கொண்டு விழும். மேலே போகும் கூட்டத்துக்கு யாரோ இறங்குகிறார்கள் என்று தோன்றும். கூட்டமே வலையில் விழும். அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர், 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது. கண்ணைத் தைக்கும் வழக்கம் நம் நாட்டுப் பறவைபிடிகாரர் சிலரிடமும் இருந்தது. பார்வை என்று பெயர் வைத்துவிட்டுப் பார்வையைத் தைப்பது!

இங்கிலாந்தில் அத்தனை சுட்டும் மரப்புறா குறையவில்லை. கேம்பிரிட்ஜ்ஷயரில் நெடுநாள் ஆராய்ந்த ஆர்.கே. மர்ட்டனின் குழு 1974இல் சொன்னது இதுதான்: எண்ணிக்கையைத் தீர்மானிப்பது துப்பாக்கி அல்ல, குளிர்காலத்துத் தீனி. சுட்டுக் குறைத்த இடத்தை, பட்டினியில் சாகவிருந்தவை பிழைத்து நிரப்பிவிடுகின்றன. தீனி இருக்கும்வரை புறா இருக்கும். இதை அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். தினமும் மொட்டை மாடியில் அரிசி கொட்டும் தாத்தா எழுந்து போய்விடுவார்.

பொம்மை இப்போது வேறு வேலையும் பார்க்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பஃபின் என்ற கடற்பறவை வேட்டையால் அற்றுப்போயிருந்த ஒரு தீவில், ஸ்டீபன் கிரெஸ் 1977இல் மரப் பஃபின்களை நிறுத்தினார். வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்த குஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்புகையில், கரையில் ஆளிருக்கிறது என்று நம்பி இறங்கட்டும் என்று. 1981இல் அவை அங்கே கூடு கட்டின. ஜப்பானின் தோரிஷிமா தீவில் ஆல்பட்ரோஸ் பறவைகளைப் பாதுகாப்பான சரிவுக்கு அழைத்ததும் இதே மாதிரி பொம்மைகள்தான். மறைவிடமும் கை மாறிவிட்டது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடிகாலை இலை நிறச் சட்டையோடு பதுங்கியிருப்பவர் கையில் இருப்பது நீண்ட லென்ஸ். சுடுவது என்ற சொல்லை அவர்கள் விடவில்லை.

தங்கை கடைசியில் வலை அடிக்க ஆள் கூப்பிட்டாள். வந்தவர் பால்கனியைச் சுற்றிப் பார்த்தார். "ஆந்தைய வச்சீங்களா சார்? அதுக்கு மறைவு பண்ணிக் குடுத்துட்டீங்க" என்றார். மாடப்புறாவுக்கு மூலப் பிறப்பிடம் செங்குத்துப் பாறை இடுக்கு. பால்கனி அதற்குப் பாறைதான். மாடம் என்ற சொல்லைப் பறவையின் பெயரிலேயே வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

ஆந்தையை நகர்த்தினார். பின்னால் விளக்குமாற்றுக் குச்சி ஏழெட்டு, அவற்றின் மேல் இரண்டு வெள்ளை முட்டை. அடை காக்கப் பதினெட்டு நாள், குஞ்சு பறக்க ஒரு மாதத்துக்குமேல். வலைக்காரர் கைப்பேசியில் தேதியைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் கடைசியில வர்றேன்" என்றார். தங்கை ஆந்தையை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.