அடுப்புப் புகையும் ஓட்டல் தணலும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அந்தி மயங்கும் வேளையில் கள்ளக்குறிச்சியைக் கடந்து போகிற பிரயாணி எவரும், கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் கோத்த முழுக்கோழிகள் செக்கச்செவேலென்று சுழன்றுகொண்டிருக்கும் கடைகளைப் பார்க்காமல் போக முடியாது. கிரில் என்றும் தந்தூரி என்றும் அல்பஹாம் என்றும் பார்பிக்யூ என்றும் பலகைக்குப் பலகை நாமம் மாறினாலும், நெருப்பில் வாட்டிய மாமிசத்தை நின்ற இடத்திலேயே வாங்கிப் புசிக்கலாம் என்கிற சௌகரியம்தான் இவை அனைத்துக்கும் மூலதனம். இதே ஊரிலிருந்து மேற்கே திரும்பிக் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிக் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் போனால், அங்கே கறிக்கும் நெருப்புக்கும் நெடுங்காலமாக இருந்துவந்த உறவு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, கடையில் கிடைக்கும் ருசியை வீட்டில் வரவழைக்க முயல்கிறவர்களும், வீட்டுப் புகையின் மணத்தைக் கடையில் தேடுகிறவர்களும் ஒருங்கே ஏமாந்துபோகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கல்வராயன் மலை, ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கம். இங்கே வாழும் மலையாளி மக்கள், பெயரைக் கண்டு சிலர் நினைப்பதுபோல் கேரளத்தார் அல்லர். தமிழே பேசுகிற பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த இந்தப் பிரதேசத்துக்குச் சாலையும் மின்சாரமும் தாமதமாகவே வந்து சேர்ந்தன. சாமையும் தினையும் விளைந்த அந்த நாட்களில், மாரியம்மனுக்கோ காளிக்கோ நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டும் தினமே கறி தின்னும் தினம். அன்றைக்கு உண்டது போக மிஞ்சிய கறியை மறுநாளைக்கும் மறுவாரத்துக்கும் கெடாமல் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அந்த வீடுகளின் பிரச்சினை. ருசி என்பது அந்தப் பிரச்சினைக்குக் கிடைத்த விடையோடு தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று.

விடை, அடுப்புக்கு மேலேயே இருந்தது. மலைவீட்டு அடுப்புக்கு மேலே மூங்கிலால் அமைத்த பரண் ஒன்று இருக்கும். விதைத் தானியமும் மக்காச்சோளக் கதிரும் வண்டு விழாமல் புகையில் கறுத்துக் கிடப்பது அங்கேதான். மழை பிடித்துக்கொண்டு வெயிலே தலைகாட்டாத நாட்களில், உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி நூலில் கோத்த கறித்துண்டுகளுக்கும் அதுவே இடம். வெயில் உள்ள நாட்களில் இதே சரம் முற்றத்துக் கொடியில் தொங்கும். நம் சமவெளிக் கிராமங்கள் யாவும் அறிந்த உப்புக்கண்டம்தான் அது. கொழுப்பில்லாத ஆட்டுக்கறியை விரல் நீளத்துக்கு வார்ந்து, உப்பு ஏற்றி, பகலெல்லாம் காய வைத்து, பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, நாலைந்து நாளில் சுள்ளி மாதிரி ஆன பிறகு மண்பானையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால், வேண்டும்போது நாலு துண்டு எடுத்துத் தட்டி வறுத்துக்கொள்ளலாம். வயநாட்டிலும் இடுக்கியிலும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்தி உரலில் இடித்துச் சாப்பிடும் இடியிறைச்சியும், குடகிலும் நாகாலாந்திலும் அடுப்புப் புகையில் கறுக்கும் பன்றிக்கறியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை உப்புநீரில் அவித்துப் புகையிலும் வெயிலிலும் காய வைத்துச் செய்கிற மாசிக்கருவாட்டை நம் கடைகளில் வாங்கித் தேங்காயோடு அரைக்கும் எவரும், புகையின் காப்பாற்றும் சக்தியைத் தம் அம்மியிலேயே அனுபவித்தவர்தாம்.

சுட்டுத் தின்பதும் உலர்த்திக் காப்பதுமான இந்த இரட்டை மரபு இன்று நேற்று உண்டானதன்று. கரிகாலனின் அரண்மனையில் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநனுக்கு அளித்ததைப் பொருநராற்றுப்படை வருணிக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையோ, வறண்ட நிலத்து எயினர் குடிசையில் உலர்ந்த ஊனைச் சோற்றோடு பரிமாறியதைச் சொல்கிறது. அரசனுக்குச் சுட்டது, ஏழைக்கு உலர்ந்தது என்று அப்போதே பிரிந்துவிட்டிருக்கிறது. அன்றன்றைக்கு வெட்டி அன்றன்றைக்கே சுட்டுத் தின்னும் சௌபாக்கியம் யாருக்கு வாய்த்ததோ, அவர்களுக்குப் பரண் தேவைப்படவில்லை. இன்று குளிர்சாதனப் பெட்டியும் பிராய்லர் கோழியும் வந்து நம்மில் பெரும்பாலோரை அந்த விஷயத்தில் கரிகாலனுக்குச் சமமாக்கிவிட்டன.

இனி ஓட்டல் தணலுக்கு வருவோம். மும்பையில் 2006-இல் தொடங்கிய பார்பிக்யூ நேஷன் என்ற நிறுவனம், மேஜையின் நடுவே பள்ளம் செய்து அதில் கரித்தணலை இறக்கி, கம்பியில் கோத்த துண்டுகளை விருந்தினர் கண்முன்னே வாட்டும் சம்பிரதாயத்தை நாடெங்கும் பரப்பியது. 2021-இல் பங்குச்சந்தையிலும் இடம் பிடித்தது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் பிறந்தநாள் கொண்டாட்டம் என்றாலே இத்தகைய ஸ்தலங்கள் என்றாகிவிட்டது. மேஜையில் அமர்ந்து நாமே சமைக்கிறோம் என்ற பிரமை அங்கே உண்டாகிறதே தவிர, துண்டுகள் பெரும்பாலும் உள்ளேயே வெந்து வந்துவிடுகின்றன. மேஜைத் தணலின் வேலை சூட்டைக் காப்பதும் ஓரங்களைச் சிவக்க வைப்பதும்தான். ஒரு தொகையைக் கட்டிவிட்டு வயிறு கொண்டமட்டும் சாப்பிடலாம் என்கிற ஏற்பாட்டில், முதல் அரைமணியிலேயே அன்னாசித் துண்டுக்கும் இறாலுக்கும் வயிற்றில் இடம் கொடுத்துவிட்டு, அதன்பின் வருகிற பிரியாணியை ஏக்கத்தோடு பார்க்கிற மனிதர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

ஆனால் முக்கியமான விஷயம் வேறு. கரி என்பதே, விறகைக் காற்றுப் புகாமல் மூட்டம் போட்டுச் சுட்டு, அதிலுள்ள புகையை முன்கூட்டியே வெளியேற்றிவிட்ட பண்டம். மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெப்பத்தில் சிதையும்போது பிறக்கும் குவாயகால், சிரிங்கால் முதலிய ரசாயனங்கள்தாம் புகைக்கறியின் மணத்துக்கு ஆதாரம். அவை கரிமூட்டத்திலேயே பெரும்பாலும் பறந்துவிடுகின்றன. ஆகவே தணலில் வாட்டிய கறியில் நமக்குக் கிடைக்கும் வாசனை, கொழுப்பு சொட்டி நெருப்பில் விழுந்து ஆவியாகி மேலே வருவதாலும், கறியின் மேற்பரப்பு சிவந்து முறுகுவதாலும் உண்டாவது. மரப்புகைக்கு அதில் பங்கு சொற்பம். சாலையோரக் கண்ணாடிப் பெட்டிகளிலோ, எரிவாயுவிலோ மின்சாரத்திலோ சிவக்கும் தகடுகளே வெப்பம் தருகின்றன. அந்தக் கோழிக்குப் புகையோடு எந்தப் பரிச்சயமும் கிடையாது. இதனால் அது ருசியற்றது என்று சொல்ல வரவில்லை. தயிரும் மிளகாயும் ஊறிய கோழி, தோல் முறுகி, உள்ளே சாறு வற்றாமல் இருந்தால், அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

வீட்டில் புகையிட விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது நேரத்தைத் தின்னும் தொழில் என்பதுதான். தணலுக்கு நேர் மேலே வைத்து வாட்டுவதில் நெருப்பின் உக்கிரம் வேலை செய்கிறது. புகையிடுவதிலோ, நெருப்பு ஒரு மூலையிலும் கறி ஒரு மூலையிலுமாக இருக்க, 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரையிலான மந்தமான வெப்பக்காற்றும் புகையும் கறியைச் சூழ்ந்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஆட்டுத் தொடையில் உள்ள தசைநார்கள் இளகிப் பசையாக மாறுவது இந்தப் பொறுமையினால்தான். நடுவில் ஒரு கட்டத்தில், கறியின் உட்சூடு 70 டிகிரிக்கு அண்மையில் வந்து அங்கேயே மணிக்கணக்காக நின்றுவிடும். அனுபவமில்லாதவர் நெருப்பு தணிந்துவிட்டதென்று பதறி விறகை அள்ளிப் போடுவார். கறியிலிருந்து கசியும் ஈரம் ஆவியாகும்போது, நம் உடம்பை வேர்வை குளிர்விப்பதுபோல் அதைக் குளிர்விப்பதே காரணம். பொறுத்திருந்தால் தானே ஏறும். கோழிக்கு உட்சூடு 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். இதற்கென்று விற்கும் ஊசி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது, பாட்டியின் கைப்பக்குவத்தை நம்புவதைவிட உத்தமம்.

விறகைப் பற்றிய விசாரமே ஒரு தனி சாஸ்திரம். ஈரவிறகின் வெள்ளைப் புகை கண்ணைக் கரிப்பதோடு கறியையும் கசக்க வைக்கும். ஆறு மாதமாவது உலர்ந்த விறகிலிருந்து மெல்லிய நீலச் சாயலோடு வருகிற புகையே வேண்டியது. மாமரம், கொய்யா, புளி ஆகியவை நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை; தைல வாடை வீசும் மரங்களையும் வண்ணம் பூசிய பழம்பலகைகளையும் கிட்டே சேர்க்கக் கூடாது. நம் கண்மாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு விவசாயிகளின் வசைக்கு ஆளாகியிருக்கும் சீமைக்கருவேலம், அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் கறி வாட்டுவதற்கென்றே கொண்டாடப்படும் மெஸ்கீட் மரத்துக்கு நெருங்கிய உறவு என்பதை அறிந்தால் பலர் வியப்பார்கள். அதன் புகை காரமானது. நீண்ட நேரத்துக்கு ஆகாது. அதைக் கரியாக்கித் தணலுக்கு வைத்துக்கொண்டு, மணத்துக்கு மாவிறகைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்ல யுக்தி. அந்த டெக்ஸஸிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்காமல் நின்ற கறியைக் கெடாமல் காக்கப் புகையிட்டதிலிருந்தே இன்றைய புகழ்பெற்ற கடைகள் கிளைத்தன. லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900-இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட், பெயருக்கேற்ப, ஒரு கசாப்புக்கடைதான். மிச்சம் காக்கும் கவலை அங்கே வியாபாரமாயிற்று. நம் மலையில் பரணோடு நின்றுவிட்டது.

அந்தப் பரணைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கறி மணத்த அதே புகையைத்தான் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்த பெண்மணி தினமும் மூன்று வேளை சுவாசித்தாள். வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம் முதலியவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் அகாலமாக இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2016 மே மாதத்தில் தொடங்கிய உஜ்வலா போன்ற திட்டங்களால் எரிவாயு ஏழை வீடுகளுக்கும் வந்து சேர்ந்து, அதனால் பரண்கறி அருகிப்போனால், அதற்காகக் கண்ணீர் விட நான் தயாராக இல்லை. உண்பதிலும் அளவு வேண்டும். உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015-இல் சேர்த்தது. கரிந்த ஓட்டல் கறியிலும் பென்சோபைரீன் என்ற நச்சு இருக்கவே செய்கிறது. ஆக, இந்த விஷயத்தில் வீடும் கடையும் ஒன்றையொன்று பழிக்க இடமில்லை.

கடைக்கே உரிய அபாயம் வேறு. வெந்தும் வேகாமலும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக நிற்கிற கறி, கிருமிகளுக்கு விருந்து. 2022-இல் காசர்கோடு மாவட்டத்திலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு சிறுமிகள் இறந்த துயரச் செய்திகளுக்குப் பின்னர்தான் நம் ஊர்க் கடைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் சோதனை சூடு பிடித்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கோழியின் எலும்பை ஒட்டிய சதை இன்னும் சிவந்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்து மறுபடி வேகவைக்கச் சொல்வது, காசு கொடுத்தவனின் உரிமை. மலைப்பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: காட்டுப்பன்றி, மான், உடும்பு என்று யாராவது ரகசியமாகக் கறி காட்டினால் விலகிப் போய்விடுங்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடியவரோடு, அந்தக் கறியை வாங்குகிறவரையும் விடாது.

அப்படியானால் எதை எப்போது நாடுவது? நாலு பேர் திடீரென்று வந்து நிற்கும் மாலையில் வீட்டில் புகை மூட்ட உட்காருவது அசட்டுத்தனம். கடைக்கு ஆள் அனுப்புங்கள். ஒரு கோழிக்காக ஆறு மணிநேர விறகை எரிப்பதும் கட்டுபடியாகாது. வெள்ளிக்கிழமை வேப்பூர்ச் சந்தையில் கிடா பிடித்து வந்து, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, பங்கு போட்டு, உறவினர் போன பிறகும் ஒரு தொடை மிஞ்சுகிறதே, அப்போதுதான் வீட்டுப் புகைக்கு அர்த்தம் உண்டு. எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு உப்பு தடவிக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைத்து, மறுநாள் கொல்லையில் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, எவர்சில்வர் வலை பரப்பி, மேலே தகரம் மூடி, ஓரத்தில் கொட்டாங்கச்சித் தணலும் மாவிறகும் இடுங்கள். துத்தநாகம் பூசிய கம்பிவலை மட்டும் வேண்டாம். சூட்டில் அதன் ஆவி விஷம். உலர்ந்து கறுத்த உப்புக்கண்டத்தைப்போல இது மாதக்கணக்கில் வெளியே நிற்காது. குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாலு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். தீர்ப்பது சிரமமே இல்லை. எலும்போடு நறுக்கி, மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்துப் புளி குறைத்துக் குழம்பு வைத்து, கல்வராயன் மலைச் சாமை கிடைத்தால் அதையே சோறாக்கிப் போட்டுக்கொள்ளலாம். எலும்பிலிருந்து இறங்கும் புகை மணத்துக்காகவே குழம்பில் மிளகாயைப் பாதியாகக் குறைப்பது நல்லது.