தில்லி – லே: ஒன்றேகால் மணி நேரமா, மூன்று நாளா?

தில்லியிலிருந்து லடாக்கின் லே நகரம் நேர்கோட்டில் சுமார் 620 கிலோமீட்டர். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். மணாலி வழியாகச் சாலையில் போனால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். வழியில் இரண்டு இரவாவது தங்கியாக வேண்டும். பயணத் திட்டம் போடுகிற பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உயரம் விட்டுப்போகிறது. தில்லி கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். லேயோ 3,500 மீட்டர்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறைவு. தில்லியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் லேயில் வெடித்துவிடும்போல் உப்பி நிற்கும். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் பொதுவாக 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அளவுக்குக் கீழே போவதில்லை. மற்ற ஊர்களில் தரையிறங்கும்போது உள்ளழுத்தம் கூடும். லேயில் இறங்கும்போது குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும். அதனால்தான் வந்ததும் 24 முதல் 48 மணி நேரம் அறையிலேயே ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். இதையும் பயண நேரத்தில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறலோ, நடையில் தடுமாற்றமோ வந்தால் உடனே தாழ்வான இடத்துக்குக் கொண்டுசெல்வதே உயிர் காக்கும் வழி.

விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் வந்து போகின்றன. வெயில் ஏறினால் ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலியும், இறக்கைகளுக்குத் தூக்குவிசை குறையும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்றும் பலமாக வீசும். சுற்றிலும் மலை. வானிலை சரியில்லாவிட்டால் விமானம் ரத்து. திரும்பும் பயணத்தில் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

சாலையில் மணாலி வரைக்கும் ஓர் இரவுப் பயணம். அங்கிருந்து லே சுமார் 430 கிலோமீட்டர். 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயைச் சுற்றும் 46 கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது. அதன்பின் பாரலாச்சா கணவாய், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், 5,300 மீட்டரைத் தாண்டும் தாங்லாங் கணவாய் என்று ஏற்றம் ஓய்வதில்லை. சாலைப் பயணம் உடலைப் பழக்கிவிடும் என்பது பாதி உண்மைதான். மணாலியை விட்டுக் கிளம்பிய முதல் இரவே வழியிலுள்ள சர்ச்சுவில் தங்குகிறவர்கள் லேயைவிட உயரமான 4,290 மீட்டரில் படுக்கிறார்கள். அதற்கு முன்பே, தாழ்வான ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தங்குவதே சரி. ஸ்ரீநகர், கார்கில் வழி இன்னும் நீளம்; ஆனால் படிப்படியாக ஏறுவதால் உடலுக்கு இதமானது.

பனிக்காலத்தில் மணாலி சாலை பல மாதங்கள் மூடிக்கிடக்கும். அதற்கு மாற்றாக, எல்லாக் காலத்திலும் லேக்குப் போகக்கூடிய வேறொரு பாதைக்காகத்தான் ஷின்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கம் குடைகிறார்கள். 2024 ஜூலையில் வேலை தொடங்கியது.