கோல் இல்லை, குழப்பமும் இல்லை!

"ஆட்டிப்படைக்க ஒருவன் வேண்டும், இல்லையேல் கூட்டம் குட்டிச்சுவராகும்!" மேட்டுக்குடியினர் காலங்காலமாக ஓதிவரும் வேதம் இது. தொழிலாளர்கள் கூடி ஒரு பட்டறையைத் தாங்களே நடத்த முற்பட்டால், "மேய்ப்பன் இல்லாத மந்தையா?" என்று கேலி பேசுவர். அவர்களுக்கு நாம் தரும் பதில் ஏட்டிலே இல்லை, இசைத்தட்டிலே இருக்கிறது!

மேனாட்டு இசையரங்கைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! எண்பது பேர், நூறு பேர் கருவிகளோடு அமர்ந்திருப்பர். எதிரே ஒருவர், கையிலே சிறு கோல். அது அசைந்தால் இசை எழும், நின்றால் அடங்கும். உழைப்பது நூறு பேர். கரவொலி முதலில் கோலுக்கு!

இத்தாலியின் ரோம் நகரிலே, 1951-ஆம் ஆண்டு, ஆணும் பெண்ணுமாகப் பன்னிருவர் கூடினர். சாந்தா செச்சிலியா இசைக் கழகத்திலே பயின்ற இளைஞர்கள். ஆறு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பாஸ், ஒரு ஹார்ப்சிகார்ட். கோல் பிடிக்க ஆள்? வேண்டாம் என்றனர்! குழுவுக்கு இட்ட பெயர் 'இ மூசிச்சி'. பொருள்: இசைஞர்கள். பட்டம் இல்லை, பகட்டு இல்லை.

1952-இல் அரங்கேறினர். கோல் பிடிப்பதிலே உலகப் புகழும், கோபத்திலே அதைவிடப் பெரும் புகழும் பெற்ற டாஸ்கனினியே அவர்களைக் கேட்டுப் பாராட்டினார்.

எப்படி முடிந்தது? முதல் வயலின்காரர் வில்லைத் தூக்குவார். மற்றவர் மூச்சு அதோடு சேரும். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒருவர் தடுமாறினால் ஒளிந்துகொள்ள இடமில்லை. நூறு பேர் கூடினால் கோல் தேவைப்படலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் கோல்தான் இசையைப் பிறப்பிக்கிறது என்பது பொய்!

அவர்கள் வாசித்துப் பரப்பியது யாருடைய இசை? விவால்டியின் இசை. வெனிஸ் நகரின் பியத்தா விடுதியிலே, கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்கு வயலின் கற்பித்தவர் அவர். அந்தப் பெண்களுக்குக் குடிப்பெயர் கிடையாது. வாசித்த கருவியின் பெயரே பெயரோடு ஒட்டிக்கொண்டது! பிறப்பு தராத பெருமையை உழைப்பு தந்தது. 1741-இல் வியன்னாவிலே வறுமையில் மறைந்தார் விவால்டி. உலகம் மறந்தது. 1920-களில்தான் அவருடைய கையெழுத்துச் சுவடிகள் பெருந்தொகையாக வெளிப்பட்டு, தூரின் நகர நூலகத்தை அடைந்தன.

1725-இல் அச்சேறிய அவருடைய 'நான்கு பருவங்கள்', 1955-இல் இக்குழுவின் இசைத்தட்டாக வந்தது. 1959-இல் ஸ்டீரியோவில் மீண்டும் வந்து வீடுதோறும் புகுந்தது. இரண்டிலும் முதல் வயலின் ஸ்பெயினிலே பிறந்த ஃபெலிக்ஸ் ஆயோ. 1969 பதிவிலே மிக்கெலுச்சி. 1982-இல் பீனா கார்மிரெல்லி என்ற பெண்மணி!

நாற்காலியில் ஆள் மாறினார், நாதம் அறுபடவில்லை. எழுபது ஆண்டைக் கடந்தும் குழு வாழ்கிறது. ஏன்? அது ஒருவரின் நிழலிலே வளரவில்லை. பன்னிருவரின் பொறுப்பிலே வளர்ந்தது.

கட்டளைக்கு நடுங்குவதல்ல கட்டுப்பாடு. தோழனின் குரலுக்குச் செவி சாய்ப்பதே கட்டுப்பாடு. கிளைக் கழகத்திலே பத்துப் பேர் கூடும்போதும் இதை நினைவிற் கொள்வோம்!