சத்திரத்து மணி

ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு இன்றியமையாதன இரண்டு. ஒன்று, களைத்த உடலைக் கிடத்துதற்கு ஓர் இடம். மற்றொன்று, பசித்த வயிற்றுக்கு உணவு. கையிற் பொருளுடையார் இக்காலத்தில் எவ்வூரிலும் விடுதி அமர்த்திக்கொள்ளலாம். புகைவண்டியும் பேருந்தும் தோன்றாத காலத்திலோ வழிப்போக்கர் நிலை வேறாக இருந்தது. காசியிலிருந்து இராமேசுவரம் செல்வோர் பல திங்கள் கால்நடையாகவே வந்தனர். பாம்பன் பாலத்தின்மீது புகைவண்டி ஓடத் தொடங்கியதே 1914-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், நெடுவழியில் நோயுற்றவர் யாரிடம் செல்வர்? நிறைசூலி ஒருத்திக்கு நோவு கண்டால் யார் துணை? இத்தகையோர்க்குத் தாய்வீடாய் விளங்கியவை சத்திரங்கள்.

சத்திரம் என்பது வடசொல்லின் வழிவந்தது. சாவடி பெரும்பாலும் தங்குவதற்கு மட்டும் இடந்தரும். சத்திரமோ உணவும் அளிக்கும். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியிற் பல சத்திரங்களை நிறுவினர். அவற்றின் செலவுக்கென ஊர்களையும் நிலங்களையும் மானியமாக விட்டனர். அந்நிலங்களின் வருவாயே அங்கு எரிந்த அடுப்புகளை அணையாமற் காத்தது.

1798-ஆம் ஆண்டு இரண்டாம் சரபோசி மன்னர் அரியணை ஏறினார். மறு ஆண்டிலேயே நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்புவிக்க நேர்ந்தது. நாடு கைவிட்டுப் போயிற்று. கோட்டையும் ஆண்டுத் தொகையுமே எஞ்சின. அந்நிலையில் அவர் மனம் சத்திரங்களையே நாடியது. அவை தம் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என விழைந்து, 1801-ஆம் ஆண்டு கும்பினியின் பிரதிநிதிக்கு ஒரு கடிதம் விடுத்தார். சத்திரங்களில் நாள்தோறும் நிகழ்வன யாவை என்பதை அதில் விரிவாக எடுத்துரைத்தார்.

அக்கடிதத்தால் நாம் அறிவன பல. அந்தணர் முதலாக ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் ஈறாக, வந்தோர் அனைவர்க்கும் அங்குச் சோறு அளிக்கப்பட்டது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதார் அரிசியும் பிற பண்டங்களும் பெற்றுத் தாமே சமைத்துக்கொண்டனர். நோயுற்றோர்க்கு மருத்துவர் இருந்தனர். நலம்பெறும்வரை மருந்தும் பத்திய உணவும் கிடைத்தன. நச்சுயிர் தீண்டியோர்க்கும் மருத்துவம் செய்யப்பட்டது. கருவுற்ற மகளிர் அங்கேயே மகப்பெற்று, அதன்பின் மூன்று திங்கள் தங்கியிருக்கலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் நாள்தோறும் மும்முறை உணவும், உடையும், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கும் பெற்றனர். விரும்பிய கலையைப் பயின்றனர். அவர்தம் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது.

இவை யாவற்றினும் உள்ளத்தைத் தொடுவது ஒன்றுண்டு. நள்ளிரவில் சத்திரத்தில் மணி ஒலிக்கும். இதுவரை உண்ணாதார் எவரேனும் உளராயின் வந்து உண்க என அறிவிக்கப்படும். இருள் சூழ்ந்த வழியில் தளர்நடையிட்டு வரும் ஒருவன் அம்மணியோசையைக் கேட்டானாயின் அவன் நெஞ்சு எவ்வாறு மகிழ்ந்திருக்கும்! இரப்பவன் கதவைத் தட்டிக் கேட்பது உலகியல்பு. இங்கோ ஈவோரே பசித்தவனைத் தேடி அழைத்தனர்.

இக்கடிதம் எழுதப்பெற்ற காலத்தை ஒட்டியே, தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியிலுள்ள ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. முக்தாம்பாள் மன்னரின் அன்புக்குரியவர். அவர் மகப்பேற்றின்போது உயிர்நீத்தார் என்றும், இறக்கும் தறுவாயில் தம் பெயரால் ஒரு சத்திரம் வேண்டினார் என்றும் கூறுவர். கற்பணியும் மரவேலைப்பாடும் சிறந்து விளங்கும் கட்டடம் அது. மகப்பேற்றில் மாண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய அக்கூரை, முன்பின் அறியாத எத்தனையோ தாய்மார்க்கு நிழல் தந்தது. பிற்காலத்தில் மாணவர் தங்கிப் பயிலும் இடமாகவும் அது பயன்பட்டது.

1855-ஆம் ஆண்டில் தஞ்சை அரசமரபின் உரிமை முடிவுற்றது. பின்னர்ப் புகைவண்டி வந்தது; நடந்து செல்வோர் குறைந்தனர்; நள்ளிரவு மணியும் ஓய்ந்தது. ஆயினும் அம்மணி கேட்ட கேள்வி பழையதாகிவிடவில்லை. நாம் உண்டு கைகழுவும் வேளையில், இன்னும் உண்ணாதார் எவரேனும் உளரோ என ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.